அட்டவணை வரிசையிலிருந்து ஸ்கிரிப்டுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணக் கணக்கை ஓர் இணையப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அட்டவணையில் வீட்டுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ‘திருத்து’ என்ற பட்டன். அதை அழுத்தினால் அந்த வீட்டின் விவரங்கள் படிவத்தில் வர வேண்டும். மூன்றாவது கட்டத்தில் பெயர், ஐந்தாவது கட்டத்தில் நிலுவை என்று எண்ணி ஜாவாஸ்கிரிப்டில் எடுத்து வந்தேன். பழைய கதவு எண்ணுக்கென ஒரு நெடுவரிசை சேர்த்ததும் எல்லாம் இடம் மாறிவிட்டன. அதற்கு முன்பே, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகைகள் ஒன்று, இரண்டு என்றுதான் வந்துகொண்டிருந்தன. சரியான வழி என்ன?
- வாசகர், பெரம்பூர்

பதில்: தொகை சுருங்குவதன் காரணத்தை முதலில் சொல்கிறேன், மற்றவை அதிலிருந்தே விளங்கும். உங்கள் கட்டத்தில் ‘1,250’ என்று காற்புள்ளியுடன் இருக்கிறது. அதை எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட், இலக்கமல்லாத முதல் குறியிலேயே நின்றுவிடும். ஆகவே விடை 1. முன்னால் ரூபாய்க் குறியும் இருந்தால் எண்ணே கிடைக்காது. கட்டத்தில் இருப்பது சங்கத்தினர் படிப்பதற்காக அழகுபடுத்திய எழுத்து. அதை மீண்டும் தரவாக்க முயல்வதுதான் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கிரிப்டுக்கு வேண்டியதை அதற்கெனத் தனியாகக் கொடுங்கள். எச்டிஎம்எல்5 தரத்தில், ‘டேட்டா’ என்ற சொல்லும் ஒரு சிறுகோடும் முன்னால் வர, நாமே பெயரிட்டுக்கொள்ளும் பண்புகளுக்கு இடம் இருக்கிறது. சர்வர் அட்டவணையை உருவாக்கும்போதே ஒவ்வொரு வரிசையின் டிஆர் குறிச்சொல்லிலும் வீட்டின் பதிவு எண்ணையும், காற்புள்ளி இல்லாத நிலுவைத் தொகையையும், ஆண்டு-மாதம்-நாள் என்ற முறையில் எழுதிய கடைசித் தேதியையும் இப்பண்புகளாக வைத்துவிட்டால், ஸ்கிரிப்ட் அவற்றை டேட்டாசெட் வழியே பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதன்பின் எத்தனை நெடுவரிசைகளைச் சேர்த்தாலும் கலையாது. தேதியை ‘05/06/2024’ என்று கொடுத்தால் பிரவுசர்கள் பொதுவாக அதை மே 6 என்று கொள்ளும். நாம் எழுதியதோ ஜூன் 5.

டேட்டாசெட் தருவன அனைத்தும் எழுத்துச் சரங்களே என்பதையும் மறக்க வேண்டாம். 1500 நிலுவையோடு 200 அபராதத்தை அப்படியே கூட்டினால் 1500200 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நம்பர் என்ற ஃபங்ஷனால் மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். ஆனால் கதவு எண், கைபேசி எண், வங்கிப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றை எண்ணாக மாற்றவே கூடாது. முன்னால் உள்ள சுழியங்கள் உதிர்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் துல்லியமாக வைத்துக்கொள்ளும் முழு எண்ணின் எல்லை 9007199254740991 ஆதலால், அதைவிட நீண்டவற்றின் கடைசி இலக்கங்கள் மாறியும் போகலாம். நம் சென்னையில் ‘பழைய எண் 12, புதிய எண் 27/3’ என்று எழுதும் முகவரியைக் கணக்கிட எவருக்கும் தேவை இல்லை.

பட்டன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கிளிக் நிகழ்வைப் பொருத்த வேண்டியதில்லை. அட்டவணையின் வரிசைகளை உள்ளடக்கும் டிபாடி குறிச்சொல்லின் மேல் ஒன்றே ஒன்று வைத்து, அழுத்தப்பட்ட இடத்திலிருந்து குளோசஸ்ட் என்ற மெதட் மூலம் மேல்நோக்கிச் சென்று டிஆர் குறிச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். பட்டனுக்குள் பென்சில் ஐகான் இருந்து, விரல் அதன்மேல் பட்டாலும் சரியான வரிசையே கிடைக்கும். பின்னர் சேரும் வரிசைகளுக்கும் இதுவே போதும்.

கேள்வி: நான் பட்டனின் ஆன்கிளிக் பண்புக்குள்ளேயே பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புகிறேன். டி'குரூஸ் என்ற பெயரும் செயின்ட் மேரி'ஸ் சாலை என்ற முகவரியும் உள்ள வரிசைகளில் மட்டும் பட்டன் வேலை செய்வதில்லை. எச்டிஎம்எல் எஸ்கேப் செய்தும் (மேற்கோள் போன்ற குறிகளை மாற்றுக் குறியீடுகளாக எழுதியும்) பயன் இல்லை.
- வாசகி, சாந்தோம்

பதில்: எஸ்கேப் செய்த மேற்கோள் குறியை பிரவுசர் முதலில் பழைய உருவத்துக்கே மாற்றிவிட்டு, அதன் பிறகுதான் ஆன்கிளிக் உள்ளே இருப்பதை ஜாவாஸ்கிரிப்டாகப் படிக்கிறது. ஆகவே குறி உயிர்பெற்று வந்து சரத்தை நடுவிலேயே முடித்துவிடுகிறது. இது பெயர்ச் சிக்கலோடு நிற்பதன்று; பதிவேட்டில் பெயரை நிரப்பும் வாய்ப்புள்ள எவரும் தம் ஸ்கிரிப்டை உங்கள் பக்கத்தில் ஓட்டிவிடலாம். மேலே சொன்ன டேட்டா பண்புகளில் வைத்தால் ஒரே ஒரு எச்டிஎம்எல் எஸ்கேப் போதும். சர்வரில் பிஎச்பி மொழியைப் பயன்படுத்துவோர் கவனிக்க: எஸ்கேப் செய்யும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன் ஒற்றை மேற்கோளையும் தானாகவே மாற்றுவது 8.1 பதிப்பிலிருந்துதான், அதற்கு முந்தையவற்றில் ஈஎன்டி_கோட்ஸ் என்பதை நீங்களே குறிப்பிட வேண்டும்.

வரிசைக்கு இருபது முப்பது விவரங்கள் இருந்தால் எல்லாவற்றையும் பண்புகளில் திணிக்காமல், பதிவு எண்ணை மட்டும் வரிசையில் வைத்து, முழுப் பதிவுகளை ஜேசன் (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் முறை) வடிவில் பக்கத்தில் ஒரே இடத்தில் கொடுப்பதையே நான் விரும்புவேன். அவ்வாறு ஸ்கிரிப்ட் குறிச்சொல்லுக்குள் வைக்கும்போது, தரவில் அக்குறிச்சொல்லை மூடும் எழுத்துகள் வந்தால் அங்கேயே அது மூடிக்கொள்ளும். எனவே சிறியது (<) என்ற குறியை \u003c என்ற யூனிகோட் எஸ்கேப்பாக மாற்றி அனுப்புங்கள்.

கேள்வி: கைபேசி எண்ணையும் ஆதார் எண்ணையும் மறைந்த நெடுவரிசையில் வைக்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: கூடாது. கண்ணுக்குத்தான் அது மறைவு. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கும் எவருக்கும் அது வெட்டவெளி. பட்டனை அழுத்தும்போது பதிவு எண்ணை மட்டும் சர்வருக்கு அனுப்பி, கேட்பவருக்கு அந்த வீட்டின் விவரத்தைப் பார்க்கும் உரிமை உண்டா என்று அங்கே சோதித்த பிறகே தரவைப் பெறுங்கள். படிவம் திரும்பி வரும்போதும் இதே சோதனை வேண்டும், ஏனெனில் வரிசையில் வைத்த பதிவு எண்ணையும் நிலுவைத் தொகையையும் பயனர் தம் பிரவுசரிலேயே மாற்றி அனுப்ப முடியும்.