மகள் ஆக்குபேஷனல் தெரபி படிக்கலாமா?

வணக்கம் ஐயா. "கை கால் நீவிவிடுகிற வேலைக்கு எதற்கு நாலு வருஷத்துக்கு மேல் படிப்பு?" என்று கேட்டிருந்தீர்கள். ஆக்குபேஷனல் தெரபி என்பது நீவிவிடுவது இல்லை; நோயாலோ விபத்தாலோ முடங்கியவர் சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது. கல்லூரி, கட்டணம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். அந்த வேலையில் வெளியே தெரியாத ஒரு பகுதி இருக்கிறது, முதலில் அதைச் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்தவருக்குக் கை எவ்வளவு வந்திருக்கிறது என்று வீட்டில் கேட்டால், "கொஞ்சம் தேவலை" என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? அது தெரியாமல் பயிற்சி பலிக்கிறதா, மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய முடியாது. அதனால் அளக்கிறார்கள்.

நடுவில் தடுப்பு வைத்த ஒரு பெட்டி. ஒரு பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் மரக்கட்டைகள் 150. ஒரு கையால், ஒவ்வொன்றாக, 60 விநாடியில் எத்தனை கட்டையை மறுபக்கம் போடுகிறார் என்று எண்ண வேண்டும். விரல் நுனி தடுப்பைத் தாண்டாமல் எறிந்தால் அது கணக்கில் வராது.

1981-இல் ரொனால்ட் லைல் வெளியிட்ட 'ஆராட்' (ARAT) என்ற கைச் செயல்திறன் சோதனை இன்னும் நுட்பமானது. 19 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 57. கிரிக்கெட் பந்தைப் பிடித்துத் தூக்குவது, டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோலிக்குண்டை இரண்டே விரலால் எடுப்பது, கையை வாய்க்குக் கொண்டுபோவது. செய்து முடித்துவிட்டார், ஆனால் உடம்பைச் சாய்த்து, ரொம்ப நேரம் திணறி முடித்தார் என்றால் 3 கிடையாது, 2தான். அந்த ஒரு மதிப்பெண் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். படிப்பு அதற்குத்தான் ஐயா.

சோதனையில் நன்றாகச் செய்கிற கை, வீட்டில் மடியிலேயே கிடப்பதும் உண்டு. நல்ல கையாலேயே எல்லாம் செய்து பழகிவிடுவார்கள். அதனால் "லைட் சுவிட்சை அந்தக் கையால் போட்டீர்களா? எவ்வளவு சரியாக வந்தது?" என்று ஒவ்வொரு வேலையாகக் கேட்டுக் குறிக்கும் முறையும் இருக்கிறது. மனிதரை அவர் வீட்டோடு சேர்த்துப் பார்க்கிற இந்தக் குணத்துக்காகவே இந்தப் படிப்பின் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, சேர்க்கை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். வேலூர் சிஎம்சியில் இந்தப் படிப்பு உண்டு. பிசியோதெரபியை விடக் கல்லூரிகள் குறைவு, அதனால் சீக்கிரம் விசாரியுங்கள். சேர்க்கை விதிகளை இந்த வருடக் கையேட்டில் பாருங்கள், பழைய தகவலை நம்ப வேண்டாம். மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் இந்தத் தொழிலும் அடங்கும்.

பணம் கட்டுவதற்கு முன், அனுமதி கேட்டு ஒரு நாள் அவளை ஏதாவது மறுவாழ்வுப் பிரிவில் உட்கார வையுங்கள். அங்கே ஒருவர் ஒரு கட்டையை எடுக்கத் திணறுவார். எட்டி எடுத்துக் கொடுக்கலாமா என்று அவளுக்குக் கை பரபரக்கும். அதை அடக்கிக்கொண்டு, அவர் தோள் எப்படி ஏறுகிறது, எந்த விரல் விரிய மறுக்கிறது என்று கவனித்தாளா என்று கேளுங்கள். அன்று மாலை அவளையே எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.