தாடையைத் தேடாதீர்கள்

வணக்கம் சார்,

இணையத்தில் நடந்த ஒரு கேரிகேச்சர் (முகச்சாயலை மிகைப்படுத்தி வரையும் கேலிச்சித்திரம்) போட்டிக்குத் திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக்கை வரைந்து அனுப்பினேன். படத்தை இணைத்திருக்கிறேன். இரண்டு வார உழைப்பு. மூக்கு, கண், உதடு, தொந்தி எல்லாவற்றையும் நன்றாகப் பெரிதாக்கினேன். அவருடைய படங்களை நினைவூட்டத் தோளில் காகம், கையில் கத்தி, பின்னால் குளியலறைத் திரை எல்லாம் உண்டு. முதல் சுற்றிலேயே வெளியே தள்ளிவிட்டார்கள். 'சாயல் வரவில்லை' என்று ஒற்றை வரி. படத்தின் கீழேயே பெயர் எழுதியிருக்கும்போது இதென்ன குறை? நடுவர்கள் வேண்டியவர்களுக்குத்தான் போடுகிறார்களோ? பென் டேப்லெட்டை மாற்றலாமா? தோல் இன்னும் தத்ரூபமாக வர எந்த பிரஷ் வாங்க வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோலின் துவாரங்கள் தெரிகின்றன, கோட்டுத் துணியின் நெசவு தெரிகிறது. சோம்பேறியின் கை இல்லை இது. பிறகு காகம், கத்தி, திரை மூன்றையும் மறைத்துவிட்டுப் பார்த்தேன். மிச்சம் இருந்தவர் தொந்தி வைத்த யாரோ ஒரு வெள்ளைக்காரர். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்றாலும் நம்புவேன். பெயர் எழுதியிருக்கிறதே என்று கேட்கிறீர்கள். விடுகதையைப் போட்டுவிட்டு விடையையும் கூடவே சொல்வது என்ன விளையாட்டு?

நடுவர்களை விடுங்கள். டேப்லெட்டும் இருப்பதே போதும். பிரஷ் எதுவும் வாங்காதீர்கள். அழுத்தத்துக்கு ஏற்பத் தடிமன் மாறும் சாதாரண வட்ட பிரஷ் ஒன்று எல்லா மென்பொருளிலும் இருக்கிறது.

விஷயம் தாடையில் இருக்கிறது. உங்கள் படத்தில் காதுக்குக் கீழே ஆரம்பித்து மோவாய் வரை கத்தி மாதிரி ஒரு தாடைக்கோடு போகிறது. ஹிட்ச்காக்குக்கு அது கிடையாது. கீழுதட்டுக்குக் கீழே மோவாய் ஒரு சின்ன உருண்டையாகச் சதைக்குள் புதைந்து கிடக்கும். அங்கிருந்து காலர் வரை ஒரே சரிவு. கன்னங்கள் மோவாயையும் தாண்டிக் கீழே இறங்கும். வழுக்கை மண்டை மேலே குறுகி, கீழே போகப் போக அகலும். மொத்தத்தில் பேரிக்காய்.

பேரிக்காய் என்றதும் 1831இல் பாரிஸில் நடந்த வழக்கு நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு அரசர் லூயி பிலிப்பை அவமதித்ததாகக் கேலிச்சித்திர இதழ் நடத்திய ஷார்ல் ஃபிலிப்போன் மீது குற்றச்சாட்டு. அவர் நீதிமன்றத்திலேயே நான்கு படங்கள் போட்டுக் காட்டினார். முதல் படம் அரசர், நான்காவது பேரிக்காய், நடுவில் இரண்டு படிகள். இதில் எந்தப் படத்திலிருந்து குற்றம் ஆரம்பிக்கிறது என்பது அவர் கேள்வி. தண்டனை என்னவோ கிடைத்தது. ஆனால் அந்த நான்கு படிகளிலும் மூக்கு வளரவில்லை என்பதைக் கவனியுங்கள். கன்னம்தான் கீழே இறங்கிக்கொண்டே போனது.

மூக்கைப் பெரிதாக்கினால் கேரிகேச்சர் என்று எவரோ எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சூசன் பிரென்னன் கேரிகேச்சர் போடும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். ஒரு முகத்தைச் சராசரி முகத்தின் மேல் வைத்துப் பார்த்து, எங்கெங்கே விலகுகிறதோ அந்த விலகலை மட்டும் பெருக்குகிற நிரல். சராசரியோடு ஒத்துப்போகிற இடத்தில் அது கைவைக்காது. ஹிட்ச்காக்கின் மூக்கு அப்படியொன்றும் பெரிய விலகல் இல்லை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள நீளம் விலகல். முன்னே பிதுங்கும் கீழுதடு விலகல். எல்லாவற்றையும்விடப் பெரியது, அவ்வளவு அகலமான சதைப்பரப்பின் நடுவில் கண், மூக்கு, வாய் மூன்றும் சின்னதாக நெருங்கி உட்கார்ந்திருப்பது. அப்படியானால் நீங்கள் செய்ய வேண்டியது அவற்றைச் சின்னதாக்குவது. நீங்களோ அத்தனையையும் ஊதிவிட்டீர்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஒன்று பெருக்க வேண்டுமானால் இன்னொன்று சுருங்கியே ஆகவேண்டும்.

அந்த மூக்கு, படத்தின் ஒரு பகுதியை மட்டும் இழுத்து நீட்டும் லிக்விஃபை கருவியைப் போட்டு இழுத்தது. இல்லை என்று சொல்லாதீர்கள். மூக்கு இப்போது இருமடங்கு, அதன் கீழே விழும் நிழல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. அதனால்தான் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி தெரிகிறது. வடிவம் மாறினால் வெளிச்சமும் மாற வேண்டும். லிக்விஃபைக்கு அது தெரியாது.

இன்னொன்று, அவரைச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள். சிரித்தால் உதடு பக்கவாட்டில் இழுபடும், கன்னம் மேலே ஏறும். பிதுங்கிய கீழுதடும் தொங்கும் கன்னமும் ஒரே நொடியில் காணாமல் போய்விடும். கொலைக் கதையை இழவுக்கு வந்தவர் முகத்தோடு அறிமுகம் செய்தவர் அவர். மேலிமை கருவிழியின் தலையை மூடட்டும், பார்வை கொஞ்சம் ஓரமாகப் போகட்டும். அலுப்பு தெரிய வேண்டும்.

அவர் தன்னையே வரைந்த படம் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? 1955 அக்டோபரில் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சித் தொடரின் ஆரம்பத்தில் வரும். பக்கவாட்டு முகம், மொத்தம் ஒன்பது கோடு. அவருடைய நிழல் நடந்துவந்து அந்தக் கோட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தும். காகமும் இல்லை, கத்தியும் இல்லை. படம் இயக்குவதற்கு முன்னால் லண்டன் இஸ்லிங்டன் ஸ்டுடியோவில் மௌனப் படங்களுக்கு எழுத்து அட்டை வடிவமைத்தவர், கோட்டின் விலை தெரிந்தவர்.

மறுபடி ஆரம்பியுங்கள். ஒரே புகைப்படத்தை வைத்துக்கொண்டு வரையாதீர்கள். குறைந்தது பதினைந்து படம் சேருங்கள், 1955க்கும் 1965க்கும் இடைப்பட்டவை. மூன்று பக்கவாட்டு முகம், ஐந்து முக்கால் முகம் (கொஞ்சம் பக்கமாகத் திரும்பியது) கட்டாயம். மிக அருகில் வைத்து எடுத்தவை வேண்டாம், அவற்றில் மூக்கு வீங்கும், காது பின்னால் ஓடும். அது கேமரா நெருங்கியதன் வேலை, முகத்தின் குணம் இல்லை.

ஏ4 தாள் ஒன்றை நான்கு முறை மடியுங்கள், பதினாறு கட்டம். பால்பாயிண்ட் பேனா, அழிப்பான் கூடாது, கட்டத்துக்கு இரண்டு நிமிடம். முதல் வரிசையில் கண் மூக்கு எதுவும் போடாமல் தலையின் வெளிவடிவத்தை மட்டும் போட்டு உள்ளே கறுப்பாக நிரப்புங்கள். வீட்டில் யாரிடமாவது நீட்டுங்கள். பெயர் சொல்லாதீர்கள். இரண்டாவது வரிசையில் முகத்தின் அங்கங்களைப் பாதி அளவில் வையுங்கள். மூன்றாவதில் அவற்றையே கொஞ்சம் மேலே தள்ளுங்கள். மேலே தள்ளத் தள்ளக் கன்னம் கனக்கும், பார்த்தால் தெரியும். நான்காவது வரிசை உங்கள் இஷ்டம். அளக்கும்போது மூக்கடியிலிருந்து மோவாய் வரை அளக்காதீர்கள், காலர் வரை அளங்கள்.

தேறியதை 2480க்கு 3508 பிக்சலில் நடுத்தரச் சாம்பல் பின்னணியில் போடுங்கள். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே தொனி. இடம் வலம் திருப்பிப் பாருங்கள், 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியும் பாருங்கள். நடுவர் முதலில் பார்ப்பது அந்தச் சின்ன வடிவத்தைத்தான். அந்த அளவில் ஆள் தெரிந்த பிறகு தோலுக்குப் போகலாம். தொந்தி வேண்டாம், மார்போடு வெட்டுங்கள். தொந்திக்கு இடம் கொடுத்தால் தலை சின்னதாகிவிடும். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, டை போதும்.

காகத்தைத் தனி லேயரில் (அடுக்கில்) வைத்திருந்தால் அழிக்காதீர்கள். அது நன்றாக வந்திருக்கிறது.