கழுவிய பீப்பாயில் கறி சுடலாமா?

கேள்வி: பெரம்பூரில் மொட்டை மாடியுடன் சொந்த வீடு இருக்கிறது. கறியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் ஸ்மோக்கர் ஒன்றை நானே செய்ய ஆசைப்படுகிறேன். மாதவரம் பக்கம் ஒரு காயலான் கடையில் 200 லிட்டர் இரும்புப் பீப்பாய்க்கு 300 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். 'ஆசிட் ஊற்றிக் கழுவியது. உள்ளே ஒருமுறை விறகைப் போட்டுக் கொளுத்திவிட்டால் புதுப் பாத்திரம்தான்' என்கிறார் கடைக்காரர். என் மைத்துனரோ, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய காஸ் சிலிண்டரை அறுத்துச் செய்தால் தகடு கெட்டியாக இருக்கும் என்கிறார். எது பாதுகாப்பானது? பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும்.

பதில்: இரண்டும் வேண்டாம். முன்பணத்தைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் அந்த 300 ரூபாயை மறந்துவிடுங்கள்.

கறியில் விஷம் இறங்குமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அதற்கு முந்தைய பயம் ஒன்று இருக்கிறது. பீப்பாயில் கதவு வெட்டுவதற்காக இரும்பு அறுக்கும் கிரைண்டரை வைக்கும் அந்த முதல் நிமிடம்தான் அது. டொலுவீன் என்பது தின்னரிலும் பசையிலும் இருக்கும் ஒரு திரவம். அதில் இரண்டு டீஸ்பூன் ஆவியானால் போதும், 200 லிட்டர் பீப்பாய் முழுவதும் வெடிக்கக்கூடிய கலவையாகிவிடும். கட்டிங் வீலிலிருந்து பறக்கும் ஒரு பொறி மிச்ச வேலையைச் செய்துவிடும். பீப்பாய் காலியாக இருப்பதுதான் ஆபத்து. நிரம்பிய பீப்பாயில் காற்றுக்கு இடமில்லை. காலிப் பீப்பாயில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன.

கழுவிவிட்டால் அந்த இரண்டு டீஸ்பூனும் போயிருக்காதா என்று கேட்பீர்கள். பீப்பாயின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். தகட்டை மடித்து மடித்து அழுத்தித்தான் அந்த விளிம்பைச் செய்கிறார்கள். அந்த மடிப்புக்குள் நுழைந்த திரவத்தை எந்தக் கழுவலும் முழுதாக வெளியேற்றாது. சூடு பட்டதும் அது ஆவியாகி வெளியே வரும். என் பட்டறையில் ஒருமுறை, 'கழுவியாயிற்று' என்ற பேச்சை நம்பி வார்னிஷ் பீப்பாய் ஒன்றை வெட்டத் தொடங்கினோம். அடித்தட்டு பிய்த்துக்கொண்டு போய்க் கூரை ஆஸ்பெஸ்டாஸைத் துளைத்தது. வெட்டிக்கொண்டிருந்தவர் பக்கவாட்டில் நின்றதால் பிழைத்தார். அவருடைய வலது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. அன்றைக்குப் பிறகு, 'கழுவியது' என்று யார் சொன்னாலும், 'அதற்கு முன்னால் உள்ளே என்ன இருந்தது?' என்பதுதான் என் முதல் கேள்வி. நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். 'எண்ணெய்தான் சார்', 'ஏதோ சோப்புத் தண்ணீர் சார்' என்று பதில் வந்தால் அவருக்குத் தெரியாது என்று பொருள்.

ஆசிட் கழுவல் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஆசிட் துருவை எடுக்கும், தகட்டைப் பளபளப்பாக்கும். வாங்குபவர் கண்ணுக்கு அது போதும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கையோ, தகட்டின் உட்பக்கம் பூசியிருக்கும் எப்பாக்ஸிப் பூச்சையோ அது எடுக்காது. சரியாக அலசாமல் மூடி போட்டு வைத்தால், தங்கிய ஆசிட் இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். அந்த வாயுவும் வெடிக்கும். கழுவியதாலேயே புதிதாக ஓர் ஆபத்து வந்து சேர்கிறது. இதைக் கடைக்காரர் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

'கொளுத்திவிட்டால் சரியாகிவிடும்' என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. கொழுந்துவிட்டு எரியும் தீயில் எப்பாக்ஸி கருகி உதிரும். ஆனால் ஈயமும் குரோமியமும் எரிந்து காணாமல் போகிற பொருள்கள் அல்ல. பழைய தொழிற்சாலைப் பெயிண்டின் மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் இவை இரண்டும் சேர்ந்தே இருந்தன. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் மட்டுமே; பீப்பாயில் பூசும் தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அல்ல. பெரம்பூர் மொட்டை மாடியில் இதைக் கொளுத்தினால் புகை உங்கள் வீட்டோடு நிற்காது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்கிலும் ஏறும்.

இதில் எனக்குத் தாங்க முடியாத ஒன்று இருக்கிறது. ரசாயனம் ஒட்டியிருக்கும் காலிப் பீப்பாய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. அனுமதி பெற்றவரிடம்தான் அது போக வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஆலை வாசலில் ஏலம் எடுப்பவர் ஒருவர், அவரிடமிருந்து வாங்கும் தரகர் ஒருவர், கழுவுபவர் ஒருவர், கடைசியில் காயலான் கடை என்று நான்கு கை மாறுகிறது. முதல் கையிலேயே லேபிள் சுரண்டப்படுகிறது. மூன்றாவது கையில் வெள்ளிப் பெயிண்ட் ஏறுகிறது. நான்காவது கையில் 'ஃபுட் கிரேட்' என்ற ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. உள்ளே என்ன இருந்தது என்று தகட்டிலேயே அழியாமல் பொறித்து அனுப்பச் சொல்வதற்கு இத்தனை வருடமா வேண்டும்? அப்படிச் செய்யாததால்தான் இந்தப் பீப்பாய்கள் கடைசியில் வீட்டு வாசலில் தண்ணீர் பிடிக்கும் டிரம்களாக வந்து நிற்கின்றன. ஸ்மோக்கரையாவது வேண்டுமென்றால்தான் செய்கிறோம். குடிக்கிற தண்ணீரை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பீப்பாய் என்றாலே விஷம்தானா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரியும். கிருஷ்ணகிரியில் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கி, கிருமி நீக்கிய பெரிய பையில் அடைத்து, அந்தப் பையை 200 லிட்டர் இரும்பு டிரம்முக்குள் வைத்து அனுப்புகிறார்கள். கூழ் பைக்குள்ளேயே இருக்கிறது. தகட்டை அது தொடுவதே இல்லை. கூழ் வாங்கிப் பயன்படுத்தும் ஜூஸ், ஐஸ்கிரீம் தயாரிப்பாளர்களிடம் இந்தக் காலி டிரம்கள் மிஞ்சும். மேல் மூடி முழுவதும் கழன்று வரும். சுற்றிலும் ஒரு பூட்டு வளையம் இருக்கும். திரவ ரசாயனம் அடைக்கும் பீப்பாய்க்கு மூடி கழலாது. மேலே பெரியதும் சிறியதுமாக இரண்டு திருகுத் துளைகள் மட்டுமே இருக்கும். ஆனால் மூடி கழல்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள். பசை, பெயிண்ட், கிரீஸ் ஆகியவையும் இதே வகை டிரம்மில்தான் வருகின்றன. பழத்தின் பெயர் போட்ட லேபிள் கிழியாமல் இருக்க வேண்டும், கிழித்த பை உள்ளேயே கிடக்க வேண்டும், அதைப் பயன்படுத்திய இடத்திலிருந்தே நீங்கள் நேராக எடுத்து வர வேண்டும். நடுவில் ஒரே ஒரு கடை புகுந்தாலும் அது மாம்பழ டிரம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அதில் வேறு எதையாவது அடைத்திருப்பார்கள். இவ்வளவும் சரியாக இருந்தாலும் உள்ளே பொன்னிறத்திலோ பழுப்பு நிறத்திலோ பூச்சு இருந்தால், மூடியைக் கழற்றிவிட்டு, ஊருக்கு வெளியே திறந்தவெளியில் பெரிய தீ போட்டு எரித்து, வயர் பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். தகடு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால் சென்னையின் உப்புக் காற்றில் சில மழைக்காலங்களுக்கு மேல் தாங்காது. இத்தனை பாடுபட்டுச் செய்ய வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. 14.2 கிலோ சிலிண்டருக்கு நீங்கள் வைப்புத்தொகைதான் கட்டியிருக்கிறீர்கள். சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அதை அறுப்பது குற்றம். வால்வைத் திறந்து நாள்கணக்கில் வைத்தாலும் அடியில் ஒரு பிசுபிசுத்த எண்ணெய் மிச்சமிருக்கும். சூடு பட்டால் அதிலிருந்து மறுபடியும் ஆவி வரும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேயே தேங்கி நிற்கும். மைத்துனரிடம் சொல்லி அதை ஏஜென்சியில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ரசீது இல்லை, ஊர் மாறிவிட்டது என்று இரண்டு மூன்று முறை அலைய விடுவார்கள். அலைந்தாலும் ஒப்படைத்துவிட்டே வாருங்கள். ஏ.சி. மெக்கானிக் தூக்கிப் போடும் வாயு உருளையையும் தொடாதீர்கள். அதில் மிஞ்சிய குளிரூட்டி வாயு வெல்டிங் சூட்டில் சிதைந்து நுரையீரலைப் பொசுக்கும் வாயுக்களாக மாறும். காஸ் வெல்டிங்குக்குப் பயன்படும் அசிட்டிலீன் உருளை பக்கமே போக வேண்டாம்.

அப்படியானால் எதில்தான் செய்வது? பழையதுதான் வேண்டும் என்றால், பஞ்சர் கடையிலோ டிங்கரிங் பட்டறையிலோ ஓய்வு பெற்ற ஏர் கம்ப்ரஸரின் தொட்டியைத் தேடுங்கள். அதன் வாழ்நாள் முழுவதும் உள்ளே இருந்தவை காற்று, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் கம்ப்ரஸர் எண்ணெய் என்று நமக்குத் தெரியும். வெந்நீரும் சலவைச் சோடாவும் ஊற்றிப் பலமுறை குலுக்கி அலசுங்கள். பிறகு அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், எல்லாத் துளைகளையும் திறந்து வைத்து, வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழேவரை தண்ணீர் நிரப்பி வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் நிரம்பிய தொட்டியில் வீட்டு மின்சாரக் கிரைண்டரை நீங்களே வைக்காதீர்கள், ஷாக் அடிக்கும். வெளிப் பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சுரண்டும்போது முகமூடி அவசியம்.

என்னைக் கேட்டால் புதுத் தகடே நல்லது. அம்பத்தூரிலோ கிண்டியிலோ தகடு உருட்டித் தரும் பட்டறைகள் உண்டு. 60 செ.மீ. விட்டம், 90 செ.மீ. நீளம், 3 மி.மீ. கறுப்பு இரும்புத் தகடு என்று கணக்குப் போட்டால் இரு பக்க மூடியோடு சுமார் 53 கிலோ வரும். அன்றைய கிலோ விலையை விசாரித்துவிட்டுப் போங்கள், கூலியைத் தனியாகப் பேசுங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்பவர் 2 மி.மீ. தகட்டைத் தலையில் கட்டுவார். தகட்டின் ஓரத்தில் கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்து அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காது என்று சொல்லி மாற்றித் தர முயல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அது துத்தநாகப் பூச்சு. வெல்டிங் புகையில் பற்றவைப்பவருக்கே காய்ச்சல் வரும். தீக்கு அருகில் பூச்சு உரியும்.

கறியை வைக்கும் கம்பித் தட்டிலும் இதே கவனம் தேவை. பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டு அளவாகப் பொருந்துகிறது என்று பலர் எடுத்து வைக்கிறார்கள். பழையவற்றில் சிலவற்றுக்குக் காட்மியம் பூசியிருப்பார்கள், அது கொடிய விஷம். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வாங்குங்கள். கடைக்காரர் காந்தத்தை வைத்து, 'பாருங்கள், ஒட்டவில்லை, இது 304' என்பார். விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 202 உங்களைக் கொல்லாது. சீக்கிரம் துருப்பிடித்துக் காசைக் கரைக்கும், அவ்வளவுதான்.

அமைப்பு எளிமையானது. தொட்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். அடியில் கரிக்கூடை, அதற்கு இரண்டடி மேலே கம்பித் தட்டு, அடிப்பக்கம் மூடித் திறக்கும்படி இரண்டு செ.மீ. அளவில் மூன்று நான்கு துளைகள். மூடியில் ஒரு புகைபோக்கி. காற்றைக் கீழே கட்டுப்படுத்துங்கள், புகைபோக்கியை முழுதாக அடைக்காதீர்கள். உள்ளே 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் நின்றால் போதும். உட்புறம் எந்தப் பெயிண்டும் கூடாது. சமையல் எண்ணெய் தடவி, கறி வைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் தீ போட்டால் அதுவே கறுத்துக் காப்பாகப் படியும்.

கொட்டாங்குச்சிக் கரி அல்லது சீமைக் கருவேலங்கரி அடிப்படைத் தீக்கு நல்லது. அமெரிக்காவின் டெக்சஸ் பக்கம் புகையிறைச்சிக்குப் பயன்படுத்தும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக் கருவேலமும் நெருங்கிய உறவுகள்தான். வாசனைக்குக் கொய்யா, மா, புளி என்று காய்ந்த கட்டைகள் இரண்டு மூன்று போதும். பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை, பார்சல் பெட்டிக் கட்டை எதுவும் வேண்டாம். அரளிக் குச்சி உயிருக்கே ஆபத்து. தோட்டத்தை வெட்டிய விறகில் அது கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் கூரை போட்டு மூன்று பக்கம் அடைத்திருந்தால் அங்கே வைக்காதீர்கள். கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்றால் தகட்டை டிசம்பர் முதல் வாரமே பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பண்டிகை நெருங்கினால் ஆள் ஊருக்குப் போய்விடுவார். இறைச்சி வெப்பமானி ஒன்றும் வாங்கி வையுங்கள். கோழித் தொடையின் கனமான இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்த்து, 74 டிகிரி காட்டிய பிறகு இறக்குங்கள்.