வெற்றோட்டம் முடிந்ததும் கையெழுத்துக் கேட்கிறார்கள்

கேள்வி: நான் காரைக்குடியில் வசிக்கிறேன். திருமயம் பக்கத்தில் உள்ள எங்கள் குவாரிக்காக, சங்கிலித் தடத்தில் நகரும் ஜா கிரஷர் (இரு தாடைகளுக்கிடையே கல்லை நசுக்கி உடைக்கும் இயந்திரம்) ஒன்றையும் ஜல்லியைச் சலித்துப் பிரிக்கும் ஸ்கிரீன் ஒன்றையும் வெளியூர் நிறுவனத்திடம் வாங்கினேன். மணிக்கு 150 டன் உடைக்கும் என்று விலைப்புள்ளியில் எழுதியிருந்தார்கள். விலையில் 90 சதவீதத்தை வங்கிக் கடன் மூலம் செலுத்திவிட்டேன். மீதி 10 சதவீதம் கமிஷனிங் (நிறுவி, ஓட்டிக் காட்டி ஒப்படைப்பது) முடிந்தபின் தர வேண்டும். இயந்திரம் வந்து 9 நாள் ஆகிறது. அவர்களுடைய பொறியாளர் கல் போடாமல் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு, 'திருப்திகரமாக இயங்குகிறது' என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார். கல் போட்டால் 90 டன்னைத் தாண்டவில்லை. கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. மீதிப் பணத்தை நிறுத்தி வைக்கலாமா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? நகரும் இயந்திரத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு வேண்டாம் என்கிறார்களே, சரியா?

பதில்: அந்தப் படிவத்தில் இப்போது இருக்கும் வாசகத்தின் கீழ் கையெழுத்திட வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால், 'கல் போடாத வெற்றோட்டம் மட்டுமே நடந்தது, கல் போட்டு ஓட்டும் சுமையோட்டம் நடக்கவில்லை, பெல்ட் ஒதுங்குகிறது, ஆட்சேபத்துடன் ஒப்பமிடுகிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியிட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட அவசரமானது ஆட்சேபக் கடிதம். விற்ற நிறுவனம் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அதற்குத் துணை நிற்கும். பொருள் வந்த 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், பொருள் வந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டும் என்பது அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு. தாமதமாகும் தொகைக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்பது 16ஆம் பிரிவு. உங்களுக்கு இன்னும் 6 நாட்களே உள்ளன. வாட்ஸ்அப் செய்தி ஒன்று மட்டும் போதுமென்று இராமல், ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் குறைகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள்.

பணத்தை நிறுத்தி வைப்பதற்குச் சட்ட அடிப்படை உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, உத்தரவாதம் மீறப்பட்டால் வாங்கியவர் அந்த இழப்பை விலையில் கழித்துக்கொள்ளக் கோரலாம், அல்லது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம். இயந்திரத்தையே திருப்பி அனுப்புவது வேறு விஷயம்: அதை வைத்துத் தொடர்ந்து ஜல்லி உடைத்து விற்றுக்கொண்டிருந்தால், 42ஆம் பிரிவின்படி நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டதாகவே நிறுவனம் வாதிடும், அந்த வாதம் எடுபடவும் கூடும். எனவே சோதனைக்கு மேல் ஓட்டுவதா, வேண்டாமா என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

இனி 150 டன் என்ற எண்ணுக்கு வருகிறேன். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஜா கிரஷரின் உற்பத்தி, தாடைகளுக்கிடையே விடும் இடைவெளி, போடும் கல்லின் அளவு, அதன் கடினம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். இடைவெளியைச் சுருக்கினால் டன் குறையும். 'அந்த எண் அகல இடைவெளிக்கானது, உங்கள் கல்லும் மிகக் கடினம்' என்பதே அவர்களுடைய முதல் பதிலாக இருக்கும். ஆகவே உங்கள் குவாரிக் கல்லை முன்கூட்டியே அவர்களுக்குக் காட்டினீர்களா, எந்த அளவு ஜல்லி தேவை என்று எழுதிக் கேட்டீர்களா என்று பழைய செய்திகளைத் தேடுங்கள். நோக்கத்தைத் தெரிவித்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. குறிப்பிட்ட வணிகப் பெயரில் கேட்டு வாங்கிய பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கும் அங்கேயே இருப்பதால், விலைப்புள்ளியில் எழுத்தாக உள்ள 150 டன்னை ஒப்பந்த நிபந்தனையாகக் காட்டுவதே உறுதியான வழி. கொள்முதல் ஆணையில் அந்த விலைப்புள்ளியைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். உத்தரவாதக் காலம் பொருள் வந்த நாளிலிருந்தா, கமிஷனிங் நாளிலிருந்தா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கூட்டுச் சுமையோட்டம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். இயந்திரம் சமதளத்தில் நிற்க வேண்டும். தாடை இடைவெளி, சல்லடைக் கண் அளவு, கல்லின் அளவு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து, வெளியேறிய ஒன்றரை அங்குல ஜல்லி, முக்கால் அங்குல ஜல்லி, டஸ்ட் (கல்தூள்) ஆகியவற்றைத் தனித்தனியே எடை மேடையில் எடை போட்டு, இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். அவர்கள் வர மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்குச் சான்று. செல்பேசிப் பதிவுகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின் கீழ்ச் சான்றிதழ் தேவைப்படும்.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது என்பதே என் கருத்து. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கியவர் தொடுத்த வழக்கில், வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. சுயதொழிலாகத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு விலக்கு உண்டு. குவாரி நடத்தும் உங்களுக்கு அது பொருந்துவது கடினம்.

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால் அதன்படியே போக வேண்டும். இல்லையென்றால் வணிக நீதிமன்றம். 3 லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகளில், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கைத் தொடுக்கும் முன் சமரசத்துக்குச் சென்றாக வேண்டும். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்தது. ஒப்பந்தத்தில் வேறு ஊர் நீதிமன்றம் குறிப்பிடப்படாவிட்டால், இயந்திரத்தை நிறுவிய இடம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதால், அங்குள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

இசைவு பற்றி அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தொழிலுக்குப் பயன்பட்டுக் காற்றை மாசுபடுத்தும் எந்த அமைப்பையும் முன் இசைவின்றி நிறுவவோ இயக்கவோ கூடாது என்கிறது. நகர்வதா, நிலையாக நிற்பதா என்ற வேறுபாடு அதில் இல்லை. இசைவின்றி ஓட்டிய சோதனையை எதிர்த்தரப்பு உங்கள்மீதே திருப்பும் என்பதால், கூட்டுச் சுமையோட்டத்துக்கு முன்பே விண்ணப்ப நிலையைச் சரிபாருங்கள்.

வங்கித் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். விற்றவரோடு உள்ள பிணக்கு, கடன் கொடுத்த வங்கியைக் கட்டுப்படுத்தாது.