தானியங்கி நிறுவலில் எல்விஎம்: பழைய வட்டில் ஏன் நிற்கிறது, ரூட் ஏன் முழு இடத்தையும் விழுங்குகிறது?

டெபியன் லினக்ஸைப் பிரீசீட் கோப்பு (நிறுவல் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதிய கோப்பு) வழியாகப் பல சர்வர்களில் நிறுவும் வாசகர் ஒருவர் இரண்டு சிக்கல்களைக் கேட்டிருக்கிறார். புதிய வட்டுகளில் தடையின்றி முடியும் நிறுவல், முன்பு பயன்படுத்திய வட்டுகளில் பாதியில் நின்று கேள்வி கேட்கிறது. முடிந்த இடங்களிலும் ரூட் லாஜிக்கல் வால்யூமே வட்டு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. எல்விஎம் என்பது வட்டுகளின் இடத்தை 'வால்யூம் குரூப்' என்ற தொகுப்பாகச் சேர்த்து, அதிலிருந்து 'லாஜிக்கல் வால்யூம்' என்ற பகுதிகளைப் பிரித்துத் தரும் முறை; அவற்றில் அடிப்படைக் கோப்பு முறைமை இருக்கும் பகுதியே ரூட்.

முதல் சிக்கலுக்குக் காரணம் வட்டில் எஞ்சியிருக்கும் பழைய எல்விஎம் அடையாளம். பிரீசீட் கோப்பில், வட்டைப் பிரிக்கும் இன்ஸ்டாலர் பகுதிக்கான பார்ட்மேன்-எல்விஎம் பிரிவில் 'டிவைஸ் ரிமூவ் எல்விஎம்', 'கன்ஃபர்ம்', 'கன்ஃபர்ம் நோஓவர்ரைட்' ஆகிய மூன்றுக்கும் 'ட்ரூ' என்ற விடையைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பழைய வால்யூம் குரூப் வேறொரு வட்டிலும் பரவியிருந்தால், அதைத் தானாக நீக்குவது பாதுகாப்பானதல்ல என்று இன்ஸ்டாலர் மறுத்துவிடக்கூடும். அப்போது 'பார்ட்மேன் ஏர்லி கமாண்ட்' வரியில், வட்டைப் பிரிக்கத் தொடங்கும் முன்பே அந்தக் குரூப்பை 'விஜிரிமூவ்' கட்டளையால் நீக்கிவிட வேண்டும். அழிப்பது எந்தக் குரூப் என்பதைத் தயவுசெய்து இருமுறை பாருங்கள். உடன் இணைந்திருக்கும் தரவு வட்டும் இதில் போய்விடலாம்.

இரண்டாவது சிக்கல்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. ரெசிபியில் (பகிர்வுகளையும் அவற்றின் அளவுகளையும் சொல்லும் பட்டியல்) ஒவ்வொரு பகிர்வுக்கும் நாம் எழுதும் மூன்று எண்கள் முறையே குறைந்தபட்ச அளவு, முன்னுரிமை, அதிகபட்ச அளவு. நடுவில் உள்ளதை 'விரும்பும் அளவு' என்று பலர் எண்ணுகிறார்கள், அது அப்படியன்று. முன்னுரிமையிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் வரும் எண்ணின் விகிதத்தில்தான் மீதி இடம் பங்கிடப்படுகிறது. ரூட்டுக்கு 20000, 30000, 30000 என்றும், வார் (/var) பகிர்வுக்கு 10000, 30000, -1 என்றும் எழுதியதாகக் கொள்வோம். கையிலிருக்கும் இடம் 80000 எம்பி. குறைந்தபட்சங்கள் போக மீதமுள்ள 50000 எம்பி 1:2 என்று பிரிய வேண்டும். ஆனால் ரூட் 30000 என்ற வரம்பில் நின்றுவிடுவதால், எஞ்சியதெல்லாம் வாருக்குச் சென்று அது ஏறத்தாழ 50000 எம்பி ஆகிறது. வரம்பில்லை என்று பொருள்படும் -1, கேள்வி கேட்ட வாசகரின் ரெசிபியில் ரூட்டிடம் இருக்கிறது. அதனால்தான் அது வீங்குகிறது.

-1 என்பதை வேறு பகிர்வுக்கு மாற்றினால் மட்டும் போதாது, குரூப்பில் காலி இடமே மிஞ்சாது. எனவே குரூப்பில் எவ்வளவு இடத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் 'கைடட் சைஸ்' விடையில் 'மேக்ஸ்' என்பதற்குப் பதிலாக 80% என்று எழுதுங்கள். வால்யூமைப் பிறகு பெருக்குவது எளிது: 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையுடன் '-ஆர்' சேர்த்தால் கோப்பு முறைமையும் கூடவே வளரும். சுருக்குவது அப்படியல்ல; எக்ஸ்டி4 கோப்பு முறைமையை அன்மவுண்ட் செய்தாக வேண்டும், எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்கும் வழியே நடைமுறையில் இல்லை.

பூட் பகிர்வை எல்விஎம்முக்கு வெளியே வைக்க விரும்பினால், அதன் வரியில் 'எல்விஎம்ஓகே' குறி இருக்கக் கூடாது. எல்விஎம்முக்குள் வைக்கும் மற்றவற்றில் கட்டாயம் இருக்க வேண்டும். மாற்றிய கோப்பை, ஏற்கெனவே எல்விஎம் உள்ள வட்டு பொருத்திய மெய்நிகர் கணினி ஒன்றில் முதலில் ஓட்டிப் பாருங்கள். நிறுவல் முடிந்ததும் 'விஜிஎஸ்' கட்டளை காட்டும் 'விஃப்ரீ' நெடுவரிசையில் சுழியம் வந்தால், கைடட் சைஸ் வரி வாசிக்கப்படவில்லை என்று பொருள். அந்த வரியின் எழுத்துப் பிழையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.