அரசு ஆவணக் காப்பகம் மூடப்படுவதை மக்கள் ஆதரவைத் திரட்டித் தடுக்க முடியுமா?

முடியும், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அது நடந்திருக்கிறது. செலவுக் குறைப்பைக் காரணம் காட்டி, மாநில ஆவணக் காப்பகம் நவம்பர் 1 முதல் பொதுமக்களுக்கு மூடப்படும் என்றும் ஊழியர்களில் பெரும்பாலோர் நீக்கப்படுவர் என்றும் 2012 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. வரலாற்றாசிரியர்களும் குடும்ப வரலாறு தேடுவோரும் கையெழுத்து இயக்கம் நடத்தி, மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் கூடிக் குரல் எழுப்பிய பின், அக்டோபரில் ஆளுநர் நேதன் டீல் 1,25,000 டாலர் ஒதுக்கியதால் காப்பகம் திறந்தே இருந்தது. 2013 ஜூலையில் அது மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் பொறுப்புக்கு மாறியது.

ஆய்வாளர்கள் மட்டும் பேசினால், அது ஒரு சிறு குழுவின் குறையாகவே அரசுக்குத் தோன்றும். நில உரிமையையும் எல்லைத் தகராறையும் பழைய பதிவேடுகளைக் கொண்டு தீர்த்துக்கொண்டவர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வூதியத்துக்காகப் பணிப்பதிவு தேடியவர்கள் ஆகியோர் தத்தம் தொகுதி உறுப்பினருக்குச் சொந்த நடையில் எழுதும் கடிதம், அச்சடித்த நூறு மனுக்களைவிட வலுவானது என்பது என் உறுதியான கருத்து. (அரசு ஊழியர்கள் பணி விதிகளால் வெளிப்படையாகப் பேச இயலாமல் போகலாம், ஆகவே பயன்படுத்துவோரே முன்வர வேண்டும்.) நிதிநிலை அறிக்கை நிறைவேறுவதற்கு முன்பே, எத்தனை ஊழியர்கள், எத்தனை வேலை நாட்கள், எவ்வளவு தொகை தேவை என்று திட்டவட்டமாகக் கோர வேண்டும்.

“எல்லாம் இணையத்தில் இருக்கிறதே” என்ற வாதம் நிச்சயம் எழும். பெரும்பாலான காப்பகங்களில் மின்னுருவாக்கப்பட்டவை இருப்பில் ஒரு சிறு பகுதியே என்பதையும், மீதமுள்ள கட்டுகளில் எது எங்கே உள்ளது என்பதை அனுபவம் மிக்க ஊழியர்களே அறிவர் என்பதையும் அப்போது எடுத்துரைக்க வேண்டும்.