அடிமனை ட்ரஸ்டுக்கு, வீடு எனக்கு: வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம், பர்லிங்டனில் இருக்கிறோம். இரண்டு பேர் சம்பளம் வந்தும் சந்தை விலைக்கு வீடு எட்டவில்லை. சாம்ப்ளெய்ன் ஹவுசிங் ட்ரஸ்ட் மூலம் ஒரு வீடு குறைந்த விலைக்கு வருகிறது. ஆனால் மனை ட்ரஸ்ட் பெயரில்தான் இருக்குமாம். விற்கும்போது விலை உயர்வில் கால் பங்குதான் எங்களுக்காம். "மண்ணு இல்லாத வீட்டுக்கு எதுக்குப் பணம் போடறே?" என்கிறார் ஊரில் இருக்கும் அப்பா. வாங்கலாமா?

பதில்: அங்கேயே குடியிருந்து பிள்ளைகளை வளர்க்கப்போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். நாலைந்து வருடத்தில் விற்று, அந்த லாபத்தில் ஊரில் ஏதாவது வாங்கிப்போடும் எண்ணம் இருந்தால் இது உங்களுக்கான வீடு இல்லை.

அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் கோயில் ஊர்களில் அடிமனை கோயிலுக்கு, கட்டடம் நமக்கு என்றிருக்கும் தெருக்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் பயப்படுவார்கள். வாடகை பாக்கி, பெயர் மாற்றம், விற்கத் தடை என்று தலைமுறைக்கும் இழுபறி. அங்கே மனையைப் பற்றி முடிவெடுக்கும்போது குடியிருப்பவரை யாரும் கேட்பதில்லை. உங்கள் ட்ரஸ்ட் போன்றவற்றைச் சமூக நில அறக்கட்டளை என்பார்கள்: மனையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் குறைந்த விலைக்குத் தரும் அமைப்பு. அது இந்த இடத்தில்தான் வேறு. வழக்கமாக அதன் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள், இன்னொரு பங்கு அக்கம்பக்கத்துக்காரர்கள், மீதி பொதுநலன் சார்பில் வருபவர்கள். குத்தகை பெரும்பாலும் 99 ஆண்டுக்கு, புதுப்பிக்கும் உரிமையோடு. பிள்ளைகளுக்கும் போகும். மாதாமாதம் கட்டும் நில வாடகை சிறு தொகைதான்.

கால் பங்கு விஷயத்தைக் கணக்காகவே பார்க்கலாம். உதாரணத்துக்கு, சந்தையில் 3,00,000 டாலர் போகும் வீடு. ட்ரஸ்ட் மூலம் வரும் மானியத்தைக் கழித்து உங்களுக்கு 2,20,000க்கு வருகிறது. பத்து வருடம் கழித்து அதன் மதிப்பு 3,80,000 ஆகிறது. உயர்வு 80,000, அதில் கால் பங்கு 20,000. நீங்கள் போட்ட 2,20,000உடன் இதையும் சேர்த்து 2,40,000 உங்களுக்கு. அதிலிருந்து வங்கிக் கடனில் மிச்சம் இருப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக அடைத்த அசல் முழுக்க உங்கள் கைக்கே வரும். அதே வருமானத்தில் இருக்கும் அடுத்த குடும்பத்துக்கு, புது மானியம் எதுவும் இல்லாமல், 3,80,000 டாலர் வீடு 2,40,000க்குக் கிடைக்கும். 60,000 உங்கள் கையை விட்டுப் போனதாகத் தோன்றலாம். ஆனால் உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒருவர் இருந்திருந்தால், அவரும் இப்படித்தான் விட்டுவைத்திருப்பார். அவர் சந்தை விலைக்கு விற்றிருந்தால் உங்களுக்கு இந்த வீடே வந்திருக்காது. இதை நஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ட்ரஸ்ட் நேற்று முளைத்ததும் இல்லை. 1984இல், பின்னாளில் அமெரிக்க செனட்டரான பெர்னி சாண்டர்ஸ் அந்த நகரின் மேயராக இருந்தபோது, நகராட்சி கொடுத்த 2,00,000 டாலரில் பர்லிங்டன் சமூக நில அறக்கட்டளையாகத் தொடங்கியது. 2006இல் இன்னொரு வீட்டு வசதி நிறுவனத்தோடு இணைந்து இப்போதைய பெயரைப் பெற்றது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க வங்கிகள் வீடுகளைப் பறிமுதல் செய்துகொண்டிருந்த காலத்தில், இத்தகைய ட்ரஸ்ட் வீடுகளில் பறிமுதல் மிகக் குறைவாகவே இருந்தது. தவணை தவறினால் வங்கி முதலில் ட்ரஸ்டுக்குச் சொல்ல வேண்டும், ட்ரஸ்ட் நடுவில் புகுந்து பேசும் என்பது முக்கியமான காரணம்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த யோசனையின் ஒரு வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. காந்தியவாதி விநோபாவின் கிராமதான இயக்கத்தில் நிலம் கிராமத்தின் பெயரில் இருக்கும். உழுபவர் பரம்பரையாக அனுபவிக்கலாம், வெளியாருக்கு விற்க முடியாது. தமிழ்நாட்டில் காந்தியத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராக நடந்து பேசியது இதைத்தான். கிராமதானத்தைக் கவனித்த அமெரிக்கர் ராபர்ட் ஸ்வானும், சார்லஸ் ஷெராட் போன்ற கறுப்பின உரிமைப் போராளிகளும் 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற முதல் சமூக நில அறக்கட்டளையை அமைத்தார்கள். ஏறத்தாழ 5,700 ஏக்கர். அப்புறம் வறட்சி வந்தது. அரசுக் கடன் வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை. அதற்குப் பின்னால் இன பேதம் இருந்தது. கடனை அடைக்க முடியாமல் 1985இல் நிலம் முழுக்கக் கைவிட்டுப் போனது.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, மனையின் மேல் ட்ரஸ்டுக்குக் கடன் உண்டா, ட்ரஸ்ட் நொடித்துப்போனால் உங்கள் குத்தகை நிற்குமா என்பதுதான். அடுத்து, விலை உயர்வை எதன் மேல் கணக்கிடுவார்கள்? வீடும் மனையும் சேர்த்தா, வீட்டுக்கு மட்டுமா? மேலே நான் சேர்த்தே போட்டிருக்கிறேன். உங்கள் ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்தால் தொகை மாறும். சமையலறையைப் புதுப்பித்தால், கூடுதல் அறை கட்டினால், அந்தச் செலவு விற்கும்போது முழுசாக வருமா, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். வேலை நிமித்தம் ஒரு வருடம் வேறு ஊருக்குப் போனால் வாடகைக்கு விட முடியுமா? பல ட்ரஸ்ட்களில் விடமாட்டார்கள். சொத்து வரியை எந்த மதிப்பின் மேல் போடுவார்கள் என்று நகர வரி அலுவலகத்திலேயே விசாரியுங்கள். எல்லா வங்கியும் குத்தகை மனை வீட்டுக்குக் கடன் தராது. ஏற்கெனவே தந்த வங்கிகளின் பட்டியல் ட்ரஸ்டிடமே இருக்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் குத்தகை ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, ட்ரஸ்ட் சொல்லும் வக்கீலிடம் இல்லாமல், நீங்களே பிடித்த ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.